டர்போ போகவில்லை: 2005 ஆக்டேவியாவுடன் இரண்டரை வருடம்

2023 ஜனவரி, பொங்கல் லீவு முடிந்த வாரம். திருப்பூரில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் படுதா போட்டு மூடியிருந்த வண்டியைப் பார்க்கப் போனேன். 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 டர்போ பெட்ரோல், சிவப்பு. (டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி.) வண்டிப் பிரியர்கள் விஆர்எஸ் என்றே சொல்வார்கள். மீட்டரில் 1,18,400 கிலோமீட்டர். இரண்டு ஓனர் கை மாறியது. நான் வாங்கினால் மூன்றாவது.

2004-இல் இது இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். 1781 சிசி, சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் மொத்தம் 20 வால்வு, 150 பிஎஸ் குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1750 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பார்க்க டிக்கி வைத்த செடான்தான். ஆனால் பின்கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுசாக மேலே திறக்கும். உள்ளே ஒரு பீரோவையே படுக்க வைக்கலாம் போல இடம். அவினாசி ரோட்டில் ஒருநாள் எங்கள் காலேஜ் பஸ்ஸை இந்த மாடல் ஒன்று தாண்டிப் போனது. சத்தமே இல்லாமல் போனது. அன்றிலிருந்து இருந்த ஆசை.

விற்பவரிடம் முந்தின நாளே போனில், "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று கேட்டிருந்தேன். பழைய டர்போ வண்டியைப் பார்க்கப் போகிறவர் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்க வேண்டும். ஆறின இன்ஜினை முதல் தடவை உயிர்ப்பிக்கும்போது வரும் புகையும் சத்தமும்தான் நிஜத்தைச் சொல்லும். பானட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை இல்லை. ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கியது. ஆயில் மூடியைத் திறந்தால் அடிப்பக்கம் தார் பூசினது போல இருந்தது. கூலண்ட் டப்பாவில் காவி நிறத் தண்ணீர். யாரோ பல வருடமாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் அலுமினிய ஹெட் உள்ள இன்ஜினுக்குள் வெறும் தண்ணீர் ஆகாது.

ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் 2000 சுற்றிலிருந்து மிதித்தால் ஒரு நொடி நன்றாக இழுக்கும், அப்புறம் யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது போல அடங்கிவிடும். விற்பவர் மறைக்கவில்லை. "டர்போ போயிருச்சுங்க. ஒர்க்‌ஷாப்ல 85,000 ஆகும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அதனாலதான் கொடுக்கறேன்" என்றார்.

எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. டர்போ உண்மையிலேயே செத்திருந்தால் அது ஏதாவது ஒரு வழியில் காட்டிக் கொடுக்கும். ஷாஃப்ட் ஆடினால் ஆம்புலன்ஸ் தூரத்தில் வருவது போல ஊளைச் சத்தம் கேட்கும். சீல் போயிருந்தால் ஆயில் எரிந்து நீலப் புகை வரும், ஆயில் அளவு வேகமாகக் குறையும். இங்கே மூன்றுமே இல்லை. பாடியில் துரு இல்லை, கதவு ஓரங்களில் கம்பெனி சீலண்ட் அப்படியே இருந்தது, இரண்டு சாவியும் இருந்தன, 2014 வரை சர்வீஸ் பில் இருந்தது. ஆர்சி 2025 வரை புதுப்பிக்கப்பட்டிருந்தது. 3,10,000 கேட்டார், 2,60,000-க்கு முடிந்தது. கோவைக்கு 60-ஐத் தாண்டாமல் ஓட்டி வந்தேன்.

காற்று எங்கே போகிறது

முதல் வேலை லேப்டாப்பில் கேபிளைச் செருகிக் கோளாறு எண்களைப் படிப்பது. இந்த வண்டிக்கு அதற்கென்றே உள்ள மென்பொருள் கிடைக்கிறது. கேபிள் 1,800 ரூபாய். பொதுவான ஸ்கேனர் காட்டாததையெல்லாம் அது காட்டும். வந்தது 17705: டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு) நடுவே அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம். அந்த வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். டர்போ காற்றைத் தள்ளவில்லை என்று அது சொல்லவில்லை. தள்ளிய காற்று த்ராட்டிலுக்கு வந்து சேரவில்லை என்று சொல்கிறது.

நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்து மென்பொருளில் டர்போ அழுத்தத்தைக் காட்டும் 115-ஆம் பிளாக்கைப் பதிவு செய்தேன். இன்ஜின் கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் 1540 மில்லிபார், கிடைத்தது 1190. கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையில் வெளிக்காற்றே 965 பக்கம் இருக்கும். அதாவது டர்போ கொடுக்க வேண்டியதில் பாதிகூட வந்து சேரவில்லை.

காற்று கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு கருவி செய்துகொள்ளலாம். ஹார்ட்வேர் கடையில் டர்போவின் உறிஞ்சு குழாய்க்குப் பொருந்தும் அளவில் ஒரு பிவிசி மூடி வாங்கினேன். நடுவில் துளை போட்டு, பஞ்சர் கடையில் வாங்கிய டியூப்லெஸ் டயர் வால்வை இறுக்கினேன். ஏர் ஃபில்டர் பக்கம் குழாயைக் கழற்றி, இந்த மூடியைச் செருகி, கிளாம்ப் போட்டு, காற்றடிக்கும் பம்பை மாட்டினால் முடிந்தது. மொத்தம் 140 ரூபாய்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, 0.7 பாருக்கு மேல் ஏற்றக் கூடாது. இன்னொன்று, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே கொண்டு வரும் பிரீத்தர் ஹோஸும் இந்தக் குழாயில்தான் வந்து சேர்கிறது. அதைக் கழற்றி அடைக்காமல் காற்று ஏற்றினால் அழுத்தம் இன்ஜினின் அடிக்கூடான கிராங்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். நான் கழற்றி, சைக்கிள் டியூப் துண்டு சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

காற்று ஏற்ற ஏற்ற முள் 0.2-ஐத் தாண்டவே இல்லை. முன்சக்கர வளைவுக்குள்ளிருந்து புஸ்ஸென்று சத்தம். சக்கரத்தையும் உள் மறைப்பையும் கழற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தேன். டர்போ தள்ளும் சூடான காற்றை ஆற்றும் இண்டர்கூலருக்குக் கீழே வரும் ஹோஸில், கிளாம்ப் கடிக்கும் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சும்மா பார்த்தால் தெரியாது. அழுத்தம் ஏறும்போதுதான் வாய் பிளக்கிறது. நுரை பொங்கி வழிந்ததைப் பார்த்தபோது மனசு லேசானது. 85,000 ரூபாய் டர்போவுக்கும் எனக்கும் நடுவே நின்றது அந்த ரப்பர் வெடிப்பு.

ஆனால் அதோடு முடியவில்லை. ஹோஸை மாற்றி மறுபடி ஏற்றினால் 0.5 வரை போய்ச் சரிந்தது. அடுத்த சந்தேகம் டைவர்ட்டர் வால்வு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். அப்போது முட்டி நிற்கும் காற்றை டர்போவின் வாய்க்கே திருப்பி விடுவது இதன் வேலை. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், மிதிக்கும்போதும் காற்று சுற்றிச் சுற்றி வரும். சோதிப்பது சுலபம். கழற்றி, உள்ளே இருக்கும் வட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குழாய் முனையை விரலால் அடைத்து, பிறகு வட்டை விட வேண்டும். நல்ல வால்வில் வட்டு தள்ளிய இடத்திலேயே நிற்கும். என்னுடையது உடனே வெளியே வந்துவிட்டது. புதியது 2,400 ரூபாய்.

மூன்றாவது, பிரீத்தர் ஹோஸ்கள். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடுகின்றன. கையை நுழைத்துத் தொட்டதும் ஒன்று அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. 18 வருடச் சூட்டில் எந்த ரப்பரும் அப்படித்தான் ஆகும். ஐட்லிங் ஏறி இறங்கியதற்குக் காரணம் இதுதான். கணக்கில் வராத காற்று அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. முழு செட்டாக 6,500 ரூபாய்க்கு வரவழைத்தேன். மேனிஃபோல்டுக்கு அடியில் வேலை செய்ய எனக்கு இரண்டு ஞாயிறு பிடித்தன. கை சிறியவர்களுக்கு ஒன்று போதும்.

எல்லாம் முடிந்து, த்ராட்டிலின் நிலையைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுத்து (த்ராட்டில் அடாப்டேஷன்) ஓட்டினேன். கேட்டது 1540, வந்தது 1525. எல் அண்ட் டி பைபாஸில் மூன்றாவது கியரில் அந்த இழுவை முழுசாக வந்தபோது பக்கத்தில் இருந்த நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். ஹோஸ், வால்வு, கிளாம்ப் எல்லாம் சேர்த்து 13,000-க்குள் முடிந்தது.

மூன்று பீப்

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது. மார்ச் மாத வெயிலில் ஒருநாள் ஹோப்ஸ் காலேஜ் சிக்னல் தாண்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்து மூன்று முறை பீப் அடித்தது. அந்த இடத்திலேயே ஓரம் கட்டி ஆஃப் செய்தேன். ஆயில் அளவு சரியாக இருந்தது. அளவு சரியாக இருந்து விளக்கு எரிந்தால் அது இன்னும் மோசமான செய்தி. கயிறு கட்டி இழுத்துத்தான் வண்டி வீட்டுக்கு வந்தது.

ஆயில் மூடியின் அடியில் தார் பார்த்த அன்றே நான் சம்ப்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, இறக்கியிருக்க வேண்டும். காற்றுக் கசிவைத் துரத்தும் ஆர்வத்தில் அதைத் தள்ளிப் போட்டேன். இந்த வரிசைத் தப்பு இன்ஜினையே காவு கொண்டிருக்கும். இதைப் படிக்கிற யாரிடமாவது இப்படி ஒரு வண்டி இருந்தால், தயவுசெய்து எண்ணெயிலிருந்து தொடங்குங்கள்.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது ஆயில் படலம். அந்தப் படலத்தில் மிதந்துதான் அது சுற்றுகிறது. ஆயில் அழுத்தம் குறைந்தால் சில நொடிகளில் உலோகத்தோடு உலோகம் உரசும். வண்டி நின்ற உடனே ஆஃப் செய்துவிட்டால், கொதிக்கும் டர்போவுக்குள் தேங்கிய ஆயில் கருகிக் கரித்துகளாகிறது. மலிவான ஆயிலை ஊற்றி, மாற்ற வேண்டிய காலத்தையும் தள்ளிப் போட்டால் அந்தத் துகள் சம்ப்பில் சேரும். அங்கே ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கிறது. துகள் முழுக்க அதில் போய் அடைத்துக்கொள்ளும்.

முதலில் கேஜ் வைத்து அழுத்தத்தை அளந்தேன். சென்சாரே கெட்டிருக்கலாம் அல்லவா? சூடான இன்ஜினில் 2000 சுற்றில் குறைந்தது 2 பாராவது வர வேண்டும். வந்தது 1.3. சென்சார் பொய் சொல்லவில்லை.

இந்தக் கட்டத்தில் நான் தனியாக இறங்கவில்லை. கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். "டர்போவும் போயிருக்கும்ங்ணா" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். "முதல்ல சம்ப்பை இறக்கிப் பார்த்துரலாம் தம்பி, நானும் கூட இருக்கேன்" என்றேன். சரியென்றார்.

ஆயிலை வடித்துவிட்டு சம்ப் போல்ட்டுகளைக் கழற்றினோம். கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு ஒளிந்திருக்கும். ஃபிளைவீலைத் திருப்பி, அதன் ஓரத்து இடைவெளி கீழே வரும்போது நீளமான 5 மில்லிமீட்டர் ஆலன் கீயை உள்ளே விட்டால்தான் அவை வரும். இது தெரியாமல் நெம்பினால் அலுமினிய சம்ப் உடையும். கேஸ்கட் கிடையாது, சீலண்ட் மட்டும்தான் ஒட்டிப் பிடித்திருக்கிறது. மரச்சில்லு வைத்துத் தட்டித் தட்டி இறக்கினோம்.

சல்லடையில் முக்கால்வாசி கண்கள் அடைத்திருந்தன. கருகிய கடுகு போலத் துகள்கள், அவற்றை ஒட்டிப் பிடித்த கறுப்பு மெழுகு. சம்ப்பின் மூலையில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேட் துண்டு ஒன்று கிடந்தது. வால்வுகளைத் திறக்கும் காம்ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே ஓடும் சின்னச் செயினுடையது. வால்வு கவரைத் திறந்து அந்தப் பேடுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. உறிஞ்சு குழாய் புதிது, ஓ-ரிங் புதிது. சம்ப்பை டீசலில் ஊறவைத்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தோம். பழைய சீலண்ட்டை ஒரு துளி விடாமல் சுரண்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் புதிய சீலண்ட் இழுத்து, சம்ப்பை ஏற்றி, ஒரு ராத்திரி காய விட்டோம்.

டர்போவுக்கு ஆயில் கொண்டு போகும் மெல்லிய குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே போகிறது. அந்தச் சூட்டில் உள்ளுக்குள் கரி படியும். கழற்றிக் கம்பி விட்டுப் பார்த்தோம். கம்பி பாதியில் நின்றது. அதைச் சுத்தம் செய்ய முயற்சி செய்யவே கூடாது, உள்ளே உதிரும் கரி நேரே டர்போவுக்குத்தான் போகும். புதுக் குழாயும் புதுச் செம்பு வாஷர்களும் போட்டோம். அப்போதே டர்போவின் காற்றுப் பக்கக் குழாயையும் கழற்றி, விரலால் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் இம்மியளவு அசைவு இருந்தது, அது இருக்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் அசைவே இல்லை. இறக்கைகள் கூட்டில் உரசிய தடமும் இல்லை. மெக்கானிக் தம்பி தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்ணா இருக்குது" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னுடையதற்குக் குறைந்ததில்லை.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றிவிட்டு, கேஜில் அழுத்தம் ஏறும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். வறண்ட டர்போவோடு இன்ஜினை உயிர்ப்பிக்கக் கூடாது. சூடானதும் 2000 சுற்றில் 3.4 பார். நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

கடையில் விற்கும் இன்ஜின் ஃப்ளஷ் திரவத்தை நான் ஊற்றவில்லை. பதினெட்டு வருட அழுக்கை ஒரே நாளில் கரைத்தால், பாதி கரைந்த கட்டிகள் புதுச் சல்லடையையும் அடைக்கும். அதற்குப் பதிலாக விடபிள்யூ 502 00 தரம் அச்சிட்ட 5டபிள்யூ-40 சிந்தெட்டிக் ஆயிலை அடுத்தடுத்து மாற்றினேன்: 1000 கிலோமீட்டரில் ஒருமுறை, அங்கிருந்து 2500-இல் ஒருமுறை. இப்போது 7500-க்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்ப்பேன். முதல் ஃபில்டரில் கைநிறையக் கறுப்புத் துகள். இரண்டாவதில் அங்கங்கே.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒன்றாக மாற்றினேன். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும், அதனால் பழைய பில் இல்லாத வண்டியில் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பம்பில் பிளாஸ்டிக் இறக்கைக்குப் பதில் உலோக இறக்கை உள்ளதை வாங்கினேன். கூலண்ட்டை மூன்று முறை கழுவி, சரியான ரோஸ் நிறக் கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு ஊற்றினேன். இக்னிஷன் காயில் ஒன்று மழைக்காலத்தில் போனது, நான்கையும் மாற்றிவிட்டேன். பழையதில் நல்ல மூன்று டிக்கியில் இருக்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் இன்ஜின் பக்கப் பெட்ரோல் ஹோஸ்களை அதைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். சஸ்பென்ஷன் புஷ்கள் சாதாரண வேலை, எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். இதே 1.8 டர்போ இன்ஜின் ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளிலும் வந்ததால் உதிரிபாகம் கிடைப்பதில் நான் பயந்த அளவு சிரமமில்லை. உள் அலங்காரப் பொருட்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவின் கண்ணாடி ரெகுலேட்டர் சென்னை புதுப்பேட்டையில் அரைநாள் தேடிக் கிடைத்தது.

2024 டிசம்பரில் வீட்டாரோடு வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். டர்போ வண்டியின் அருமை தெரிவது இப்படிப்பட்ட ரோட்டில்தான். வளைவில் இரண்டாம் கியரில் மெதுவாகத் திரும்பி, நிமிர்ந்ததும் லேசாக மிதித்தால் போதும். 2000 சுற்றிலிருந்தே இழுவை கையில் இருக்கிறது, கியரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மேலே ஏற ஏறக் காற்று மெலியும், டர்போ இல்லாத வண்டிகள் அதற்கேற்பத் தளரும். இது தளரவில்லை. ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் சுவரோரம் நின்றன. இறங்கிப் பார்க்க நிறுத்தியபோது இன்ஜினை ஒரு நிமிஷம் ஐட்லிங்கில் விட்டு ஆஃப் செய்தேன். "எல்லாரும் இறங்கியாச்சு, இன்னும் எதுக்குங்க ஓடுது?" என்று மனைவி கேட்டார். டர்போ ஆறட்டும் என்றேன். இப்போது அவர் ஓட்டிக்கொண்டு போனாலும் அந்த ஒரு நிமிஷத்தை விடுவதில்லை.

2025-இல் மறுபதிவுக்கு ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டினேன். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். மைலேஜ் ஊருக்குள் 9, ஹைவேயில் 13. வாங்கிய விலை போக இதுவரை செலவு 1,46,000 ரூபாய். பெட்ரோலும் டயரும் இதில் சேராது. கூரைத் துணி பின்பக்கம் தொங்க ஆரம்பித்திருக்கிறது, அதைத் தைக்கக் கொடுக்க வேண்டும்.

போன ஞாயிறு 1,41,260-இல் ஆயில் மாற்றினேன். இன்னமும் தொழிற்சாலையில் போட்ட அதே டர்போதான். ஃபில்டரை அறுத்து மடிப்புகளை மொட்டை மாடியில் விரித்துப் பார்த்தேன். காகிதம் முழுக்க ஆயிலின் பழுப்பு நிறம் மட்டும் இருந்தது, துகள் ஒன்றுகூட இல்லை.